ரெண்டர் ஓடும்போது 95 டிகிரி: கூலரை மாற்றும் முன் வாட்டைக் குறையுங்கள்

கேள்வி காரைக்குடியிலிருந்து வந்தது. பழைய செட்டிநாட்டு வீடுகளைப் புதுப்பித்து விடுதியாக்குபவர்களுக்கு முப்பரிமாணப் படங்கள் செய்து கொடுப்பவர் கேட்கிறார். ரைசன் 9 7900எக்ஸ் ப்ராசசர், ஒற்றை டவர் ஏர் கூலர், 3டிஎஸ் மேக்ஸ் என்ற முப்பரிமாண மென்பொருள், அதில் கொரோனா ரெண்டரர் (ஒளியும் நிழலும் கணக்கிட்டு முடிந்த படத்தை ஆக்கித் தருவது). மிஷின் இருப்பது மாடி அறையில். ரெண்டர் போட்ட ஒரு நிமிடத்துக்குள் ப்ராசசர் 95 டிகிரிக்குப் போய் விடியும்வரை அங்கேயே நிற்கிறது. கடையில் கேட்டால் வாட்டர் கூலிங் போடாவிட்டால் சிப் போய்விடும் என்கிறார்களாம். "சித்திரை வெயிலுக்கு இது தாங்குமா, 360 மி.மீ. லிக்விட் கூலர் வாங்கிவிடட்டுமா?" என்கிறார்.

தாங்கும். லிக்விட் கூலர் இப்போதைக்கு வேண்டாம். ஆனால் 95இல் விடிய விடிய ஓட விடுவதும் வேண்டாம். அதைக் குறைக்கச் செலவே இல்லாத வழி இருக்கிறது. அதை முதலில் செய்யாமல் எதை வாங்கினாலும் பாதிப் பணம் வீண்.

95 என்ற எண்ணைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். 2022 செப்டம்பரில் ஏஎம்டி இந்த 7000 வரிசையைக் கொண்டுவந்தபோதே, எல்லா கோர்களும் (சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதிகள்) முழு வேகத்தில் உழைத்தால் சிப் 95 வரை போகும், அது வடிவமைப்பிலேயே உள்ளதுதான் என்று சொல்லிவிட்டார்கள். இந்தச் சிப் மூன்று எல்லைகளைப் பார்த்துக்கொண்டே வேகத்தை ஏற்றும். ஒன்று வாட், அதாவது சாக்கெட் வழியே இழுக்கும் மொத்த மின்சக்தி. 7900எக்ஸுக்கு அது 230. இரண்டாவது ஆம்பியர். மூன்றாவது வெப்பம், அதாவது 95. எது முதலில் வருகிறதோ அங்கே நின்றுகொண்டு, அதற்கேற்றபடி வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொள்ளும். அந்த எல்லையையும் மீறிச் சூடு ஏறினால் மிஷின் தானாகவே அணைந்துவிடும்.

உங்கள் ஒற்றை டவர் கூலருக்கு 230 வாட்டைக் கடத்தும் தெம்பு இல்லை. அதனால் வெப்ப எல்லை முதலில் வருகிறது. இப்போது பெரிய கூலரை மாட்டினால் என்ன ஆகும்? "இன்னும் இடம் இருக்கிறதே" என்று சிப் கூடுதல் வாட்டை இழுத்துக்கொண்டு வேகத்தைச் சற்று ஏற்றும். மறுபடி 90ஐத் தாண்டிப் போய் நிற்கும். பதினைந்தாயிரம் ரூபாய்க்குக் கூலர் வாங்கி மாட்டியவர் "டிகிரி குறையவே இல்லையே" என்று புலம்புவது இதனால்தான். கூலர் தன் வேலையைச் செய்கிறது. சிப்தான் மிச்சத்தைச் சாப்பிட்டுவிடுகிறது. போதாக்குறைக்கு, இந்த வரிசையில் கோர்கள் இருக்கும் சில்லுகள் மிகச் சிறியவை, மேலே மூடியிருக்கும் உலோகத் தகடு தடித்தது. குறுகலான இடத்திலிருந்து அவ்வளவு சூடு வெளியே வருவதே சிரமம். தண்ணீர் வைத்தாலும் அந்த இடம் அகலமாகிவிடாது.

சிப்புக்கு ஒன்றும் ஆகாது என்றால் கவலை எதற்கு? அக்கம்பக்கத்தில் இருப்பவற்றுக்காக. ப்ராசசருக்குப் போகும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேல்தான். 1.1 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், 200 வாட் இழுக்கும்போது மதர்போர்டின் வோல்டேஜ் பகுதி வழியே சுமார் 180 ஆம்பியர் ஓடுகிறது. விலை குறைந்த பி650 போர்டுகளில் அந்தப் பகுதிக்கு ஹீட்சிங்க், அதாவது சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகடு, ஒப்புக்குத்தான் இருக்கும். மணிக்கணக்கில் அது கொதித்தால் முதலில் களைப்பது அதுதான். பிறகு முழு வேகத்தில் சுழன்றுகொண்டே இருக்கும் ஃபேன்களின் பேரிங், கேபினட்டுக்குள் அடைந்த சூட்டில் வேகும் எஸ்எஸ்டி, மிஷினுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் ப்ராசசர் டிகிரியோடு விஆர்எம், அதாவது நான் சொன்ன அந்த வோல்டேஜ் பகுதியின் டிகிரியையும் பாருங்கள். அது 100ஐ நெருங்கினால் நான் அதற்குத்தான் கவலைப்படுவேன்.

சரி, வாட்டுக்கு வருவோம். ஒரு சிப் இழுக்கும் மின்சக்தி அதன் வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தோடு வர்க்கத்திலும் ஏறும். கடைசி இருநூறு, முந்நூறு மெகாஹெர்ட்ஸை எட்டுவதற்கு மின்னழுத்தத்தை நிறைய ஏற்ற வேண்டியிருக்கிறது. அதனால் கடைசிச் சொட்டு வேகத்துக்குத்தான் ஏகப்பட்ட வாட் போகிறது. அந்தச் சொட்டை விட்டுக்கொடுத்தால் வெப்பம் மளமளவென்று இறங்கும், ரெண்டர் நேரமோ அவ்வளவாக ஏறாது.

இதற்காகவே ஏஎம்டி ஈகோ மோடு என்று வைத்திருக்கிறது. 105 வாட் ஈகோ மோடில் சாக்கெட் எல்லை 142 வாட். 65 வாட் ஈகோ மோடில் 88 வாட். உங்களுக்கு 105 போதும். அதில் ரெண்டர் வேக இழப்பு பொதுவாகப் பத்து சதவீதத்துக்குள் அடங்கும். எட்டு மணி நேர ரெண்டருக்கு அரை மணி, முக்கால் மணி கூடுதலாகலாம். நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும் நேரம் அது. 88 வாட்டில் இழப்பு இன்னும் அதிகம், ஆனால் அதுவும் ஏதோ ஒட்டுப்போட்ட வேலை இல்லை. 2023 ஜனவரியில் எக்ஸ் இல்லாத 7900 என்று ஏஎம்டி விற்பனைக்கு விட்டது இதே 12 கோர்களைத்தான், 88 வாட் எல்லையோடு.

மிஷின் ஆன் ஆகும்போது டெலீட் கீயை அழுத்தி பயாஸுக்குள், அதாவது மதர்போர்டின் அமைப்புத் திரைக்குள் போனால், பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ் என்ற பக்கத்தில் ஈகோ மோடு இருக்கும். சில போர்டுகளில் அது முதல் திரையிலேயே இருக்கும். பயாஸ் பயமென்றால் விண்டோஸிலேயே ரைசன் மாஸ்டர் போட்டுச் செய்யலாம். அதே பக்கத்தில் வெப்ப எல்லையை 95இலிருந்து 85 ஆக்கும் வசதியும் இருக்கும். பலர் அதை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அதுவும் வேலை செய்யும், ஆனால் கோடையில் அறை சூடாக இருக்கும் நாளில் வேகம் ஒரு மாதிரி, மார்கழியில் ஒரு மாதிரி என்றாகும். வாடிக்கையாளரிடம் நாளைக் காலை படம் வரும் என்று வாக்குக் கொடுப்பவருக்கு வாட் எல்லைதான் நல்லது.

கர்வ் ஆப்டிமைசர் என்று இன்னொன்று உண்டு, கோர்களின் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் குறைப்பது. எல்லா கோர்களுக்கும் மைனஸ் 10 என்று ஆரம்பித்துப் பார்க்கலாம். பலன் உண்டுதான். ஆனால் அளவு மீறினால் நடுராத்திரியில் மிஷின் தொங்கும், அல்லது சத்தமில்லாமல் ரீஸ்டார்ட் ஆகும். அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதே வாரன்டி எச்சரிக்கையும் வரும். பிழைப்புக்கு ஓட்டும் மிஷினில் ஈகோ மோடோடு நிறுத்திக்கொள்வதே என் விருப்பம்.

இன்னொரு கணக்கு. கூலரால் சிப்பை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அறைக்கு மேல் எத்தனை டிகிரி என்பதுதான் கூலரின் கையில் இருக்கிறது, அந்த வித்தியாசம் வாட்டைப் பொறுத்தது. உதாரணமாக 142 வாட்டில் உங்கள் கூலர் 50 டிகிரி வித்தியாசத்தில் நிறுத்துகிறது என்று வைப்போம். அறை 27 என்றால் சிப் 77. அறை 38 என்றால் சிப் 88. கூலரும் அதே, சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் பேஸ்ட்டும் அதே. யூடியூபில் குளிரூட்டிய அறையில் 21 டிகிரியில் சோதித்துக் காட்டும் எண்களை மே மாதத்துக் காரைக்குடிக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது. பதினைந்து, பதினேழு டிகிரியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு சாதாரண வெப்பமானியைக் கேபினட்டின் முன்பக்கம், காற்று உள்ளே நுழையும் இடத்தில் வையுங்கள். அறையின் நடுவில் 33 காட்டும்போது அங்கே 40 காட்டினால் கோளாறு கூலரில் இல்லை. கேபினட் தான் வெளியே விட்ட சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறது. கம்ப்யூட்டர் டேபிளில் சிபியுவுக்கென்று மூன்று பக்கமும் அடைத்து ஒரு பொந்து வைத்திருப்பார்களே, அதில் தள்ளிவைத்த மிஷின்கள் எல்லாம் இந்த ரகம். வெளியே எடுத்து, பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

உங்கள் அறை மாடியில் இருக்கிறது என்றீர்கள். பழைய வீட்டின் மேல் பிற்பாடு கட்டிய கான்கிரீட் அறையாக இருந்தால், அந்தத் தளம் பகலெல்லாம் வாங்கிய வெயிலை நள்ளிரவு வரை கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு ரெண்டர் போட்டால் அறை இன்னும் பகலில்தான் இருக்கிறது. பழைய வீடுதான் என்றால் கீழே இறக்கிவிடுங்கள். தடித்த சுவரும் உயரமான கூரையும் சுண்ணாம்புப் பூச்சும் ஆத்தங்குடிக் கல் தரையும் உள்ள கீழ்க்கட்டு பகலிலும் மாடியைவிட நன்றாகவே குளிர்ந்திருக்கும். வளவை, அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்தை, ஒட்டிய அறை நல்லது, கதவு திறந்திருக்கும் என்றால் மட்டும். அந்த அறைகளில் பலவற்றுக்குச் சன்னல் சிறியது. கதவைச் சாத்திவிட்டால் காற்றுக்கு வழியில்லை. மிஷின், மானிட்டர் எல்லாம் சேர்த்து 300 வாட் என்றால், மூன்று பேர் ராத்திரி முழுக்க அந்த அறைக்குள் உட்கார்ந்திருக்கும் அளவு சூடு. கதவைத் திறந்துவைத்தால் சூடு வளவுக்குப் போய் முற்றத்தின் வழியே மேலே ஏறிவிடும். அந்த வீடுகளைக் கட்டியவர்கள் முற்றத்தை வெறும் அழகுக்காக விடவில்லை.

ஏசி உள்ள அறை என்றால் 26, 27இல் வைத்தாலே போதும். ஒரு டன் ஏசி சுமார் 3,500 வாட் சூட்டை வெளியேற்றக்கூடியது; உங்கள் மிஷின் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தண்ணீர் ஊற்றும் ஏர் கூலரை மட்டும் மிஷினுக்கு நேராகத் திருப்பாதீர்கள். ஈரக்காற்றால் உடனே கெட்டுவிடும் என்பதில்லை, சூடான பாகங்களில் நீர் கோக்காது. ஆனால் போர் தண்ணீரின் உப்பு திவலையோடு பறந்துவந்து படியும். உப்பும் புழுதியும் சேர்ந்தால் போர்டுக்கு நல்லதில்லை.

புழுதி என்றதும் நம் பக்கத்துச் செம்மண்ணைச் சொல்லாமல் இருக்க முடியாது. மாவு போல் நைசான புழுதி, ஃபில்டர் வலையையும் தாண்டி உள்ளே போகும். வீட்டில் பலகாரம் போடுகிறவர்கள் இருந்தால் இன்னும் மோசம். தேன்குழலும் மணகோலமும் பொரிக்கும் எண்ணெய்ப் புகை கூலரின் அலுமினியத் தகடுகளில் படிந்து, அதன்மேல் செம்மண் ஒட்டி, அதன்மேல் நூலும் முடியும் சேர்ந்து ஒரு கம்பளி மாதிரி ஆகிவிடும். ஃபேனைக் கழற்றாமல் பார்த்தால் தெரியாது. ஃபேனுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில், காற்று முதலில் மோதும் முகத்தில்தான் அது உட்கார்ந்திருக்கும். வெளியிலிருந்து பார்க்கும்போது கூலர் பளபளவென்று இருக்கும், உள்ளே பாதிக் காற்றுக்கூடப் போகாது. இரண்டு கம்பிக் கிளிப்பைத் தள்ளி ஃபேனை எடுங்கள். சின்னப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, கையடக்க புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் கண்டபடி சுழல விட்டால் பேரிங் போகும். பஞ்சர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் டயருக்கு அடிக்கும் காற்றால் ஊதச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தொட்டிக்குள் தண்ணீர் தேங்கியிருக்கும், காற்றோடு சேர்ந்து பீய்ச்சும். வேண்டாம்.

142 வாட்டுக்கு மாற்றி, தூசியும் தட்டியாயிற்று, இன்னும் 90க்கு மேல் போகிறது என்றால் ஒரு சோதனை. அரை மணி ரெண்டர் ஓட விட்டு டிகிரியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே காட்சியை அரை மணி ஓட விடுங்கள். ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கினால் கேபினட்டில் காற்றோட்டம் போதவில்லை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு விளக்கு எரியும் கேபினட்டாக இருந்தால் சோதனையே வேண்டாம், அதுதான். வலை முகப்பு உள்ள கேபினட், முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, இவ்வளவே போதும். உள்ளே வரும் காற்று வெளியே போவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் இண்டு இடுக்கு வழியே புழுதி நுழைவதும் குறையும். கதவைக் கழற்றியும் ஒன்றிரண்டு டிகிரிதான் மாறியது என்றால் கூலரையும் பேஸ்ட்டையும் பாருங்கள். பழைய பேஸ்ட் காய்ந்திருக்கும், கூலரின் திருகு ஒரு பக்கம் தளர்ந்திருக்கும், சில சமயம் கூலரின் அடியில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளையே உரிக்காமல் மாட்டியிருப்பார்கள்.

இந்தச் சோதனையை ஈகோ மோடில்தான் செய்ய வேண்டும். பழைய அமைப்பில் செய்தால் கதவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் 95தான் காட்டும், வேகம் மட்டும் மாறும், ஒன்றும் விளங்காது.

பேஸ்ட் மாற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பட்டாணி அளவு வைத்து, திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். எம்எக்ஸ்-4, எம்எக்ஸ்-6, என்டி-ஹெச்1 எதுவானாலும் சரி, வித்தியாசம் ஓரிரு டிகிரிதான். முந்தைய ஏஎம்4 சாக்கெட் உள்ள போர்டு வைத்திருப்பவர்கள் மட்டும் கூலரை நேராக மேலே இழுக்காமல், சூடாக இருக்கும்போதே மெதுவாகத் திருகி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ப்ராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு கூலரோடு வந்துவிடும்.

இன்னொரு வழி எனக்குப் பிடித்தது: ரெண்டரையே குறைப்பது. நீங்கள் செய்யும் காட்சிகள் ரெண்டரருக்குக் கடினமானவை. முற்றத்தின் வழியே மட்டும் வெளிச்சம் வந்து, பளபளக்கும் தரையிலும் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுவரிலும் பாலிஷ் போட்ட தேக்குத் தூணிலும் பட்டுப் பட்டு உள்ளறை மூலைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த மூலையில்தான் புள்ளி புள்ளியாக நாய்ஸ் விடாமல் நிற்கும். அதை ஒழிக்க 2 சதவீதம் நாய்ஸ் எல்லை போட்டு விடியும்வரை ஓட விடுகிறார்கள். 4 சதவீதத்தில் நிறுத்தி, மிச்சப் புள்ளிகளைத் துடைக்கும் டீநாய்ஸரைப் பாதி அளவில் கொடுத்துப் பாருங்கள். நாய்ஸைப் பாதியாக்க ஏறக்குறைய நாலு மடங்கு வேலை வேண்டும். அதனால் 2இலிருந்து 4க்கு வந்தால் நேரம் கால்வாசி ஆகிவிடும். ஆத்தங்குடிக் கல்லின் பூ வேலை மழுங்கியிருக்கிறதா என்று மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள், டீநாய்ஸர் முதலில் கை வைப்பது அங்கேதான்.

கொரோனா ப்ராசசரில் மட்டுமே ஓடும். பிளெண்டர் மென்பொருளின் சைக்கிள்ஸ் ரெண்டரரில் நல்ல ஆர்டிஎக்ஸ் கிராஃபிக்ஸ் கார்டோடு வேலை செய்பவர்களுக்குக் கணக்கே வேறு. சிஸ்டம் பிரிஃபரன்ஸில், கார்டில் ரெண்டர் ஓட்டும் ஆப்டிக்ஸைத் தேர்ந்தெடுத்து, சிபியு என்ற டிக்கை எடுத்துவிட்டால் ப்ராசசர் சூடு பிரச்சினை பெரும்பாலும் அத்தோடு தீர்ந்தது. வேகத்தில் அதன் பங்கு சொற்பம். சூடு கார்டுக்கு மாறும், அங்கேயும் பவர் லிமிட்டைக் குறைத்துக்கொள்ளலாம்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை ஐ9 வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. உங்கள் எல்லை 100 டிகிரி, 253 வாட். பல போர்டுகள் அந்த வாட் எல்லையையும் கழற்றிவிட்டே வந்தன. மின்னழுத்தம் அளவு மீறி ஏறி அந்தச் சிப்புகளில் சில நிஜமாகவே கெட்டுப்போயின; இன்டெல் 2024இல் அதற்கு மைக்ரோகோடு திருத்தம் வெளியிட்டு, வாரன்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. அந்தச் சிப் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை பயாஸைப் புதுப்பிப்பது, இரண்டாவது இன்டெல் டிஃபால்ட் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுப்பது. கூலரெல்லாம் அதற்கு அப்புறம்.

இவ்வளவும் செய்த பிறகும் முழு 230 வாட் வேகம் வேண்டும் என்றால் கூலர் வாங்கலாம். அப்போதும் இரட்டை டவர் ஏர் கூலரையே சொல்வேன். பீர்லெஸ் அசாசின் 120, ஏகே620 போன்றவை 360 மி.மீ. லிக்விட் கூலரின் பாதி விலைக்குள் கிடைக்கும். அதில் கெடக்கூடியது ஃபேன் மட்டும்தான், அதை வாங்கி நீங்களே மாட்டிவிடலாம். லிக்விட் கூலரில் பம்ப் நின்றால் ரெண்டர் நின்றது. வாரன்டிக்கு அனுப்பிவிட்டு அது திரும்பி வரும்வரை வேலையில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கடைசியாக மின்தடை. ஏசி, ஃபேன் எல்லாம் நின்று, மிஷின் மட்டும் யுபிஎஸ்ஸிலோ இன்வெர்ட்டரிலோ ஓடிக்கொண்டிருக்கும் நேரம்தான் மூடிய அறைக்கு மோசமான நேரம். அரை மணியில் அறை சரசரவென்று ஏறும். 142 வாட்டில் இருந்தால் யுபிஎஸ்ஸும் கூடுதல் நேரம் தாங்கும். கொரோனாவில் ஆட்டோசேவைப் போட்டுவையுங்கள், அது சேமிக்கும் சிஎக்ஸ்ஆர் கோப்பிலிருந்து விட்ட இடத்தில் தொடரலாம். வாக்த்ரூ வீடியோ என்றால் நேராக எம்பி4 ஆக எடுக்காதீர்கள். ஃபிரேம் ஃபிரேமாகப் படங்களாக எடுத்துப் பிறகு கோத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் ஒரு ஃபிரேம்தான் போகும்.